எஸ்தரின் சுவரும் என் விலா எலும்பும்

ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேருகிறவர்கள் ரொம்பப் பயப்படுகிறார்கள், பிழைத்துப் போன நீ உனக்கு நடந்ததை எழுதிக் கொடு, வார்டில் வாசித்துக் காட்டலாம் என்று டாக்டரம்மா சொன்னார். கூடவே நம்முடைய ஜெபாலயம் எப்படி உண்டாயிற்று என்பதையும் இரண்டு வரி சேர்த்துக்கொள் என்றார். இரண்டு வரியில் அடங்குகிற சங்கதியா அது? நான் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுதான் அந்தக் கட்டடம் எழும்பியது. கட்டியவர் என் புருஷன். யாருடைய நினைவாகக் கட்டினார்களோ, அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது கொஞ்சநஞ்சமல்ல. அதை விட்டுவிட்டு எழுதினால் அது என் கதை ஆகாது. வேண்டாத இடத்தை டாக்டரம்மா அடித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் சலோமி. விழுப்புரத்தில் ரயிலடிப் பக்கம் குடியிருக்கிறோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வழி இல்லை. கொத்தனார் தாவீதுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஜனத்தில் கொத்தனாரின் பெண்டாட்டிதான் அவருக்குச் சித்தாள். அவர் சுவரெடுப்பார், நான் சாந்துச் சட்டியை எடுத்துக் கொடுப்பேன். சாந்து தளர்த்தியாக வேண்டுமா, கெட்டியாக வேண்டுமா என்று அவர் வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. கை நீளுகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

இனி எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்தர் என் மாமியாருக்கு அண்ணன் மகள். அதாவது தாவீதுக்கு முறைப்பெண். இவனுக்கு இவள் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அவள் கல்யாணம் வேண்டாமென்று திண்டிவனம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படிக்கப் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். என் கல்யாணத்துக்கு அவள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூட்டம் முழுக்கப் பெண்ணைப் பார்க்காமல் அவளைப் பார்த்தது. தலை குனிந்து உட்கார்ந்திருந்த எனக்கே அது தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு வருஷம் காலரா வந்தது. கிராமங்களிலிருந்து மாட்டு வண்டிகளில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியபோது எஸ்தர் ராப்பகல் பார்க்காமல் வேலை செய்தாள். கடைசியில் அந்த நோய் அவளையும் பிடித்துக்கொண்டது. அவளை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பி வந்த தாவீது சாப்பிடாமல் படுத்துவிட்டார். நானும் அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. உயிரோடிருப்பவளோடு போட்டி போடலாம். அவள் ஒரு நாளாவது குழம்பில் உப்பை அள்ளிப் போடுவாள். செத்தவள் ஒரு தப்பும் செய்ய மாட்டாள்.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம், ஐப்பசி மழையில் எனக்குச் சளியும் காய்ச்சலும் கண்டன. காய்ச்சல் விட்டபாடில்லை. மூச்சை இழுத்தால் வலது விலாவில் ஊசி ஏறுகிற மாதிரி ஒரு குத்து. வாய்வுக் குத்து என்று மாமியார் உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தார். கம்பவுண்டர் ஒருவர் சிவப்புத் தண்ணீர் கொடுத்தார். குத்து குறைந்தது, மூச்சோ பாதியாகிவிட்டது. வலி போய்விட்டதென்று சந்தோஷப்பட்டு வேலைக்குப் போனவள், சட்டியோடு சாரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. தாவீது என்னைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தார். மாமியார் கேப்பைக் கூழ்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

திண்டிவனம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சு நிறைய ஜனம். இருமுகிறவர்கள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டுகிறவர்கள், எங்கேயோ பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர்கள். முறை வரும் வரைக்கும் பக்கத்திலிருப்பவருக்கு என்ன நோய் என்று விசாரிப்பதுதான் வேலை. நம்முடையதைவிட அவருடையது பெரிது என்று தெரிந்தால் ஒரு ஆறுதல். அன்றைக்கு என்னைப் பார்த்து நிறையப் பேர் ஆறுதல் அடைந்தார்கள்.

டாக்டரம்மா வெள்ளைக்காரர். ஆனால் புஸ்தகத்தில் இருக்கிறபடி தமிழ் பேசுவார். என் முதுகில் இடது கை விரலை வைத்து, வலது கை விரலால் தட்டிக்கொண்டே கீழே இறங்கினார். மேலே தட்டும்போது காலிக் குடத்தின் சத்தம். கீழே வர வர, தண்ணீர் நிறைந்த குடத்தின் சத்தம். அது எனக்கே கேட்டது. பிறகு ஒரு பெரிய ஊசியை விலாவுக்குள் விட்டு இழுத்தார். ஊசிக் குழாயில் மஞ்சளாகக் கெட்டியாக ஏறியது. நோயின் பெயர் எம்பயீமா என்றார். நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. காய்ச்சலுக்குப் பின் அந்த உறைக்குள் நீர் கோத்து, அந்த நீர் சீழாகிவிட்டது. சீழ் நுரையீரலை நெருக்குவதால் மூச்சு வாங்குகிறது. ஒரு விலா எலும்பில் துண்டு வெட்டி எடுத்து, அந்த வழியாக ரப்பர் குழாய் வைத்துச் சீழை இறக்க வேண்டும். இதுதான் விஷயம். புதிதாக வருகிறவர்களுக்குப் பெயர்தான் பயமாக இருக்கும். நம் வீட்டில் கட்டியைக் கீறி விடுகிறோமே, அதையே கொஞ்சம் ஆழத்தில் செய்கிறார்கள்.

இப்படிச் சொல்கிறேனே தவிர, அன்றைக்கு எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. எலும்பை எடுத்தால் மனுஷி நிமிர்ந்து நிற்பாளா? தாவீதின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம். ஆஸ்பத்திரித் தோட்டத்தில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள், அங்கே போய் நின்றிருக்கிறார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம்.

"சலோமி, எஸ்தருக்கு ஞாபகார்த்தமா ஜெபாலயம் கட்றாங்களாம். கொத்தனாரு வேணுமாம். நான் ஒத்துக்கினேன்."

"எலும்ப வெட்டப் போறாங்களாம்யா எனக்கு."

"அதான் ஒத்துக்கினேன். ஒன் பக்கத்துலியே இருக்கலாம் பாரு."

பக்கத்தில் இருந்தார், வாஸ்தவம். அடுத்த நாள் எனக்கு க்ளோரோபாரம் கொடுத்தார்கள். அது ஒரு தித்திப்பு வாடை. எண்ணிக்கொண்டே வரச் சொல்வார்கள், எண்ண எண்ணச் சத்தமெல்லாம் தூரமாகப் போகும். கண் விழித்தபோது விலாவில் குழாயும் கட்டிலுக்கடியில் பாட்டிலும் இருந்தன. ஆதாமின் எலும்பை எடுத்து ஆண்டவர் ஒரு பெண்ணையே உண்டாக்கினார். என் எலும்புக்குக் கிடைத்தது ஒரு ரப்பர் குழாய்.

என் கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டார்கள், காற்று வேண்டுமென்று. அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஜெபாலயம் நேரே தெரியும். அங்கே முன்பு ஒரு வேப்பமரம் நின்றதாம். வேலை முடிந்த பின் எஸ்தர் அதன் நிழலில் நோயாளிகளை உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாளாம், ஜெபம் பண்ணுவாளாம். வெளியூரிலிருந்து நோயாளிக்குத் துணையாக வருகிறவர்களுக்கு அந்த நிழல்தான் அழுவதற்கும் இடம். அவள் போன பிறகு, மழை வெயில் படாமல் அங்கே ஒரு கூடம் வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் அவள் கையால் பிழைத்த கிராமத்து ஜனங்கள்தான். அறுப்பின் பண்டிகைக்கு அவர்கள் மல்லாட்டைக் கடலை மூட்டையும் கேப்பையும் கோழியும் கொண்டுவந்து ஏலம் போட்டார்கள். மரக்காணத்திலிருந்து ஒருவர் வண்டி நிறையக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அனுப்பினார். இதுதான் டாக்டரம்மா கேட்ட சரித்திரம். நன்றாகத்தான் இருக்கிறது. ஜன்னலோரத்தில் படுத்துக்கொண்டு கேட்டால்தான் தெரியும் அதன் கசப்பு.

வார்டில் யார் வாயைத் திறந்தாலும் எஸ்தர்தான். எஸ்தரம்மா ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரி இருக்குமாம். எஸ்தரம்மா நெற்றியில் கை வைத்தாலே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடுமாம். எனக்குப் போட்ட ஊசியெல்லாம் தேள் கொட்டின மாதிரிதான் இருந்தது. மத்தியானத்தில் தாவீது கைகால் கழுவிக்கொண்டு வருவார். கூழில் மோர் விட்டுக் கரைத்து, ஒரு கையால் என் தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டுவார். அந்த அளவுக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேச்சு? வாசலுக்கு வளைவு வைக்கப் போகிறேன், பலகணிக்கு இப்படி ஒரு பூ வேலை செய்யப் போகிறேன். எங்கள் வீட்டுப் பின்சுவர் இரண்டு மழையாக இடிந்து கிடக்கிறது, அதற்கு ஒரு கரண்டி சாந்து வைக்க நேரமில்லாதவர். வேறொரு சித்தாள் அவருக்குச் சட்டி எடுத்துக் கொடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அவர் இரண்டு தரம் கையை நீட்டினால்தான் அவளுக்குப் புரியும். அதைப் பார்ப்பது எனக்கு ஒரு சந்தோஷம்.

மாமியார் மட்டும் எஸ்தரைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. இத்தனைக்கும் சொந்த அண்ணன் மகள். என் வைத்தியத்துக்குச் சக்திக்குத் தகுந்தபடி கொடுங்கள் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், இருந்தாலும் மாமியாரின் காதுக் கம்மல் ஒரு நாள் காணாமல் போயிற்று. கிணற்றடியில் விழுந்துவிட்டது என்றார். இரண்டு காதுக் கம்மலும் ஒரே நாளில் கிணற்றடியில் விழுமா?

ஒரு நாள் காலையில் ஆயா ஒரு பெரிய கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வந்தாள். வார்டு பூராவும் கேட்கிறாற்போல் சத்தம் போட்டாள்.

"இன்னா குடுத்து வெச்சவ நீ! ஒன் வூட்டுக்காரரு முட்டை குடுத்து அனுப்பிக்கீறாரு பாரு. தெம்பா இருக்கணும்னு சொன்னாரு."

சுற்றியிருந்த கட்டில்களிலிருந்து எல்லோரும் என்னைப் பொறாமையாகப் பார்த்தார்கள். வந்த நாளாக நான் பிறரைப் பார்த்த பார்வை அது. எனக்கும் ஒரு நிமிஷம் பூரிப்புத்தான். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அத்தனையும் மஞ்சள் கரு. வெள்ளை ஒரு சொட்டு இல்லை.

கொத்தனார் பெண்டாட்டிக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டுமா? சுண்ணாம்பை வெண்ணெய் மாதிரி அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்தால் சுவர் கண்ணாடியாக மின்னும். பெரிய மனிதர் வீடுகளில் மட்டும் செய்கிற பூச்சு அது. பிள்ளை பெற்றுப் பிழைத்துப் போன பெண்களெல்லாம் எஸ்தரம்மா கோயிலுக்கென்று முட்டை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். வெள்ளை அவள் சுவருக்கு. மிச்சம் எனக்கு.

மத்தியானம் அவர் வந்ததும் கிண்ணத்தைக் காட்டினேன்.

"வெள்ளையெல்லாம் எங்கய்யா போச்சு?"

சிரித்தார். "ஒனக்குத் தெரியாததா? செவுத்துக்கு."

"அப்ப கழிச்சதுதான் எனக்கா?"

"சத்து மஞ்சள்லதாம்மே இருக்குது. டாக்டரம்மாவே சொல்லிச்சு."

"அவ சரின்னு சொல்லியிருந்தா நீ அவளத்தான் கட்டியிருப்ப இல்ல?"

சிரிப்பு நின்றுவிட்டது. "அது ஆவாத கதை. இப்ப எதுக்கு அது?" என்று எழுந்து போய்விட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் கிண்ணத்தை அடுத்த கட்டில்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

அதோடு எனக்கு எல்லாம் விட்டுப் போயிற்று. அப்போதுதான் ஊதுகிற வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அதைப் புதியவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அது நம் கையில் இருக்கிற வைத்தியம். சீழ் இறங்கினாலும் நுரையீரல் சுருங்கியே கிடக்கும். அதை விரிய வைக்க இரண்டு பாட்டில்களைக் குழாயால் இணைத்து, ஒன்றில் ஊதா நிறத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள். வாயால் ஊதி, அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலிலிருந்து மற்றதுக்குத் தள்ள வேண்டும். ஊத ஊத நுரையீரல் துருத்தி மாதிரி விரிந்து நெஞ்சுக்கூட்டை நிரப்பும். நிரப்பினால்தான் விலாவிலுள்ள ஓட்டை மூடும். நான் ஊதினால் தண்ணீர் லேசாக ஆடும், அவ்வளவுதான். விலா இழுக்கும், கண் இருட்டும். எதற்காக ஊத வேண்டும் என்று குழாயைக் கீழே போட்டுவிடுவேன்.

டாக்டரம்மா கட்டிலருகில் உட்கார்ந்து சொன்னார். "சலோமி, நீங்கள் ஊதவில்லை என்றால் நுரையீரல் ஒட்டிப் போய்விடும். இன்னும் சில எலும்புகளை எடுக்க நேரும். அதைத் தாங்கும் பலம் உங்களுக்கு இல்லை." புஸ்தகத் தமிழில் சொன்னதால் அது தீர்ப்பு மாதிரி இருந்தது. அவர் போன பிறகு மாமியார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினார். நான் ஜன்னலைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். நான் செத்தால் ஒரு செங்கல் கூட வைக்க மாட்டார்கள் என்று நினைத்து அழுதேன்.

இரண்டொரு நாளில் எஸ்தரின் அம்மா ஜெபாலயத்தைப் பார்க்க வந்தார். உறவு முறையில் எனக்குப் பெரியம்மா. புதுச் சுவரைத் தடவித் தடவி அழுததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெற்ற வயிறு, அழட்டும். பிறகு என்னைப் பார்க்க வார்டுக்குள் வந்தார். பேச முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்து என் மாமியாரிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா தாவீது ஒண்டியா நிக்கக் கூடாது. எங்க லேயாவுக்கும் வயசு வந்துடுச்சு. பெரியவளத்தான் அவனுக்குக் குடுத்து வெக்கல. சின்னவளயாச்சும்..."

லேயா எஸ்தரின் தங்கை. அதே மூக்கு, அதே நிறம்.

மாமியார் என் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு சொன்னார்: "அண்ணி, எம் மருமவ உசுரோட கீறா. அவ கட்டிலாண்ட ஒக்காந்துகினு இந்தப் பேச்சு வாணாம். ரயிலுக்கு நேரமாவுது, நீ கெளம்பு."

பெரியம்மா வாசலைத் தாண்டுவதற்குள் நான் கண்ணைத் திறந்துவிட்டேன். "அத்தே, அந்த பாட்டில எடு" என்றேன்.

அன்றைக்கு ஊதின ஊதல் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. லேயா என் அடுப்பில் உலை வைக்கிறாள் என்று நினைத்து ஒரு ஊதல். லேயா சாரத்தடியில் சட்டியோடு நிற்கிறாள், அவர் கையை நீட்டுகிறார் என்று ஒரு ஊதல். ஊதாத் தண்ணீர் குபுகுபுவென்று அந்தப் பாட்டிலுக்குப் போயிற்று. விலாவில் உயிர் போகிற வலி. நிறுத்தவில்லை. மறுநாள் ஆயா கொண்டுவந்த மஞ்சள் கருவை ஒன்று மிச்சம் வைக்காமல் தின்றேன். எவள் சுவருக்கு வெள்ளை போனால் என்ன, சத்து என் உடம்பில் ஏறட்டும். ஒரு வாரம் பொறுத்துத் தட்டிப் பார்த்த டாக்டரம்மா, திரும்பத் திரும்பத் தட்டினார். அடிவரைக்கும் காலிக் குடத்தின் சத்தம்தான்.

"நல்ல முன்னேற்றம்! உங்களுக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது?" என்றார். ஜெபத்தினால் என்று சொன்னேன். ஜெபமும் ஒரு காரணம்தான், மாமியாருடையது.

குழாயைச் சிறிது சிறிதாகக் குட்டையாக்கி, கடைசியில் எடுத்தே விட்டார்கள். ஓட்டை சுருங்கித் தழும்பாயிற்று. மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தேன், பிறகு தனியாக நடந்தேன். ஜெபாலயப் பிரதிஷ்டைக்கு முந்தின நாள் மத்தியானம் தோட்டம் வரைக்கும் நடந்துவிட்டேன். முதல் தடவையாக அந்தச் சுவரைக் கிட்டத்தில் பார்த்தேன். என் புருஷன் வாழ்நாளில் அதைப்போல் ஒரு சுவர் எடுத்ததில்லை. என் முகம் அதில் மங்கலாகத் தெரிந்தது. மெலிந்து கறுத்து, பார்க்கச் சகிக்கவில்லை.

வாசலுக்கு வலப்பக்கம் ஞாபகார்த்தக் கல்லைப் பதிக்கப் போகிற நேரம் அது. செஞ்சிப் பக்கத்துக் கருங்கல், அதில் எஸ்தர் என்று பெயர் வெட்டியிருந்தது. இரண்டு ஆட்கள் கல்லைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். தாவீது குழியில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கையை நீட்டினார். அந்தச் சித்தாள் சட்டியைத் தூக்கினாள்.

"அத இப்படிக் குடு. நீ தள்ளிக்கோ" என்றேன்.

தாவீது திரும்பிப் பார்த்துப் பதறிவிட்டார். "இன்னாமே நீ? டாக்டரம்மா பாத்தா பேஜாராயிடும். போய்ப் படு."

"அவ கல்லுக்கு வேற எவ கையில இருந்தும் நீ சாந்து வாங்க வாணாம். நான் குடுக்கறேன்."

சட்டியைத் தூக்க முடியவில்லை. அதனால் கீழே வைத்துக்கொண்டு, கை கையாக அள்ளிக் கொடுத்தேன். அவர் வாங்கி வாங்கி வைத்தார். கல்லை ஏற்றி, கரண்டிப் பிடியால் நாலு மூலையும் தட்டினார்.

"நல்லா இறுக்கு. ஆடக் கூடாது" என்றேன்.

"ஏன் ஆடப் போவுது?"

"அவ இங்கியே இருக்கட்டும். நம்ம வூட்டுக்கு வர வாணாம்."

கல்லைத் தாங்கிய ஆட்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். தாவீது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எஸ்தரைப் பற்றி அவர் மனசுவிட்டுச் சொன்னது அந்த ஒரு பேச்சுதான்.

"அவ ஒரு நாளும் நம்ம வூட்டுக்கு வந்ததில்லமே. நீதான் அவள தெனமும் கூட்டிக்கினு வந்த."

திருப்பிச் சொல்ல எனக்கு மூச்சு இருந்தது. அப்போது நன்றாகவே இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் கீழ்மூலையில் ஒரு சந்து தெரிந்தது. சட்டியில் மிச்சமிருந்த சாந்தை வழித்தெடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இங்க இன்னும் கொஞ்சம் வையி" என்றேன்.